பதிமூன்று அடித் தெருவைப் படம் எடுத்தவன்

வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர் யாராக இருந்தாலும் பகலவன் முதலில் காட்டுவது அந்தச் சிவப்புக் கோட்டைத்தான். கூடத்துச் சுவரில், சாமி படத்துக்கும் சுவிட்சுப் பலகைக்கும் நடுவே, ஒரு முழ நீளத்துக்கு மேலிருந்து கீழாக இழுத்த பெயின்ட் கோடு. தெருவாசலிலிருந்து உள்ளே எட்டரை அடி தள்ளி இருக்கிறது.

“இதுவரைக்கும் ரோடாம். இதுக்கு அந்தாண்டதான் என் வூடாம். ஒரு தெக்கத்திப் பையனுக்கு எடம் குடுத்தேன். அவன் ஒரு போட்டோ எடுத்தான். அவ்ளோதான், கூடம் பூடுச்சு” என்பார்.

நாலு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லிக் கதை வழவழப்பாகிவிட்டது. வருகிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் கதையில் ஓரிடம் வரும்போது மட்டும் பகலவன் மேட்டில் ஏற்றுகிற வண்டி மாதிரி வேகம் கூட்டித் தாண்டிவிடுவார். அது எந்த இடம் என்று அவர் பெண்சாதி மீனம்மாளுக்குத் தெரியும். அந்தப் பையன் மாசானத்துக்கும் தெரியும். இரண்டு பேருமே வெளியில் சொல்லவில்லை.

பகலவன் கம்பெனி பஸ் டிரைவர். ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றி ஒரகடத்தில் இறக்குவார். ஷிப்ட் முடிந்ததும் ஒரகடத்தில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூரில் இறக்குவார். படிப்பு நாலாம் வகுப்பு. பேச்சு எப்போதும் கியர் மாற்றுகிற மாதிரிக் கரகரவென்றுதான் வரும். அந்த பஸ்ஸில்தான் மாசானமும் தினமும் தண்டலத்தில் ஏறுவான். பகலவன் கதவைத் திறப்பார், அவன் ஏறுவான், கதவைச் சாத்துவார். நாலு வருஷமாக அவர்களுக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

மாசானம் திசையன்விளைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடும் தோளில் ஒரு கறுப்புப் பையோடும் வந்து இறங்கினான். பிரேக்குக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. வேலை என்றால் அளவு பார்க்கிற வேலை. ஓடிவரும் பீசை எடுத்து கேஜில் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் இந்தப் பெட்டி, நுழையாவிட்டால் அந்தப் பெட்டி. தலைமுடி கனம் கூடினாலும் தூக்கி எறிந்துவிடுவான். லைனில் அவனுக்கு ‘ரிஜக்ட் மாசானம்’ என்று பேர். சுண்ணாம்புக்காரத் தெருவில் பகலவன் வீட்டுப் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. அதில் குடிவந்தான்.

கறுப்புப் பைக்குள் இருந்தது ஒரு பழைய கேமரா. பிலிம் போட்டு எடுக்கிறது. சென்னையில் செகண்ட்ஹாண்ட் கடையில் வாங்கியிருந்தான். அதன் முன்னால் கண் பிதுங்கின மாதிரி ஒரு வைட் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். காஞ்சிபுரத்துச் சந்துகள், பூந்தமல்லியில் கோயிலைச் சுற்றின தெருக்கள், சென்னையில் மண்ணடி, தங்கசாலை. அவன் எடுப்பது பழைய தெரு மட்டும்தான். ஆளை எடுக்க மாட்டான். “எம்மூஞ்சிய எடுடா” என்று பகலவனே ஒருநாள் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றபோது, “இந்த லென்சுல எடுத்தா மூக்கு மட்டும் மொத பஸ்சுல வந்துரும் அண்ணாச்சி” என்று சொல்லித் தட்டிவிட்டான்.

எதிர்வீட்டுச் சின்னப்பையனுக்கு இவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. பேர்தான் சின்னப்பையன், வயசு ஐம்பத்தெட்டு.

“இன்னாப்பா, ஊருல கீற சந்தெல்லாம் பாத்துகினு கீற? வெலைக்கு வாங்கப் போறியா?”

“வாங்கத் துட்டு இல்ல மாமா. அதான் படம் புடிக்கேன்.”

“இடிஞ்ச செவுரப் புடிச்சு இன்னா பண்ணுவ?”

மாசானம் அதற்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னான். “கம்பெனியில நாள் பூரா ஒரே பீசத்தான் பாக்கேன். பத்தாயிரமும் ஒண்ணு போல இருக்கணும். இங்க ஒரு வாசப்படி மாதிரி இன்னொரு வாசப்படி கிடையாது. உங்க வீட்டு ஜன்னலே ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. இத யாரும் ரிஜக்ட் பண்ணல பாத்தீயளா?”

சின்னப்பையன் திரும்பித் தன் ஜன்னல்களைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் கவனிக்கவே இல்லை. “அட ஆமாய்யா” என்றார்.

படம் எடுக்கிறபோது அவன் பண்ணுகிற சேட்டையைப் பார்க்கவே தெருப்பிள்ளைகள் கூடும். கேமராவின் மண்டை மேல் கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைப்பான். குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கேமரா துளி சாய்ந்தாலும் அந்த லென்சில் சுவர்கள் குடிகாரன் மாதிரி சாய்ந்துவிடுமாம். குறுகின தெருவில் பின்னால் தள்ளிப் போக இடம் இருக்காது. தள்ளிப் போனால் முதுகில் அடுத்த வீட்டுச் சுவர் இடிக்கும். அதற்குத்தான் வைட் லென்ஸ். நின்ற இடத்திலேயே இரண்டு பக்கத்தையும் வாரிக்கொள்ளும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். அதை அவன் ஒரு மாசத்துக்கு வைத்துக்கொள்வான்.

இரண்டாயிரத்தில் பகலவன் மகள் செந்தாமரைக்கு வரன் வந்தது. பையன் பூந்தமல்லிக்காரன். அவன் சித்தப்பா டாடா சுமோ வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். தரகர் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, போகிறபோது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “எல்லாம் புடிச்சிருக்குதுபா. மாப்ளையோட சித்தப்பா மட்டும் ஒண்ணு கேட்டாரு. உங்க தெருவுல கார் பூருமா?”

பகலவனுக்கு முகம் சுண்டிப்போனது. சுண்ணாம்புக்காரத் தெருவின் அகலம் பதிமூன்று அடி. அதில் பாதியைச் சைக்கிளும் குடமும் உரலும் பிடித்துக்கொள்ளும். பெரிய பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிற மனுஷனிடம், உன் தெருவில் கார் நுழையுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? “கார் இன்னா, லாரியே பூரும். போட்டோ அனுப்பறேன், பாத்துக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பின்கட்டுக்குப் போய் மாசானத்தின் கதவைத் தட்டினார். நாலு வருஷமாக எல்லாரிடமும் தாண்டித் தாண்டிச் சொன்ன இடம் இதுதான்.

“டேய் தம்பி, நம்ம தெருவ ஒரு போட்டோ எடு. நல்லா அகலமா தெரியணும். உன் கண்ணாடிலதான் அது முடியுமே.”

“தெரியும் அண்ணாச்சி. கீழ வச்சு எடுத்தா முப்பதடி ரோடு மாதிரி தெரியும். ஆனா அது நெசம் இல்லையே. கம்பெனியில இப்படி அளவு காட்டுனா சீட்டக் கிழிச்சிருவான்.”

“கல்யாணத்துக்கு ஏதுடா அளவு? மாப்ள அஞ்சே முக்கா அடின்னு அவங்க சொன்னாங்க. நானு டேப்பு எடுத்துகினா போனேன்? எடுறா.”

மாசானம் தலையைச் சொறிந்தான். பகலவன் வீட்டுச் சாப்பாடு அவன் உடம்பில் இருந்தது. செந்தாமரை அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் கேமராவை வைத்து, ரசமட்டம் பார்த்து, ஒரே ஒரு படம் எடுத்தான்.

படம் பெரிதாகப் பிரின்ட் ஆகி வந்ததும் பகலவன் அசந்துபோனார். அது சுண்ணாம்புக்காரத் தெருவேதான். ஆனால் ராஜபாட்டை மாதிரி விரிந்து கிடந்தது. படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஏதோ காயப்போட்ட துணி தொங்கி அசிங்கமாக இருந்தது. “பொண்ணு பாக்கறவனுக்கு அழுக்குத் துணியா காட்றது?” என்று மீனம்மாளைத் திட்டிவிட்டு, கடைத்தெருவில் பிரேம் போடுகிற கோபாலிடம் எடுத்துப் போனார். “மேல ஒரு மூணு அங்குலம் நறுக்கிடு” என்றார். கோபால் நறுக்கினார். தங்கக் கலர் பட்டி வைத்த பிரேம். தரகர் அதைப் பூந்தமல்லிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்.

நிச்சயத்துக்கு வந்த அன்று டாடா சுமோ தெருமுனைக்குள் நுழைந்து, இரண்டு கண்ணாடியையும் மடக்கி, சின்னப்பையன் வீட்டு உரலுக்கும் பகலவன் வீட்டுப் படிக்கும் நடுவே சிக்கி நின்றது. கதவைத் திறக்க முடியவில்லை. சித்தப்பா பின்பக்கமாகக் குனிந்து இறங்கினார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “போட்டோவுல பாத்த தெரு எங்கப்பா?” என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்துவிட்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிரேம் போட்ட படம் திரும்பி வந்து கூடத்தில் தொங்கியது.

அடுத்த வருஷம் ஆடி மாசம். முதல் ஷிப்டை இறக்கிவிட்டு பகலவன் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் மீனம்மாள் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். சுவரில் ஈரம் காயாத சிவப்புக் கோடு.

“நாலு பேரு வந்தாங்கய்யா. டேப்பு புடிச்சாங்க. தெருவ அகலப் படுத்தறாங்களாம். எதுனா கேட்டா, நோட்டீசு வரும்னு பூட்டாங்க.”

பகலவன் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டது கூட அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஏறின ஒரு பெண்பிள்ளை, “இன்னா டிரைவர், ரத்தமா?” என்று பதறினபோதுதான் பார்த்தார்.

நோட்டீஸ் வந்தது. கம்பெனி வண்டிகள் ஊருக்குள் நெரியாமல் போக ஒரு குறுக்கு வழி வேண்டுமாம். சுண்ணாம்புக்காரத் தெரு முன்னொரு காலத்தில் முப்பது அடி இருந்ததாகவும், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் முன்னால் தள்ளிக் கட்டிக்கொண்டதாகவும் சந்தேகமாம். அப்படியில்லை என்றால் அத்தாட்சியோடு விசாரணைக்கு வரலாம். பகலவன் வீட்டுப் பத்திரத்தில் ‘தெருவுக்கு வடக்கு’ என்று மட்டும் இருந்தது. எத்தனை அடி என்று எழுதவில்லை. தெருவில் பதினாலு வீட்டுப் பத்திரமும் அப்படித்தான்.

அத்தாட்சி என்றதும் பகலவன் மனசில் பளிச்சென்று வந்தது பிரேம் போட்ட படம்தான். கோடு போடுகிறதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் எடுத்தது. தன் வீடு அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆணியிலிருந்து கழற்றி, துண்டால் துடைத்து, தெருக்காரர்கள் எல்லாரும் பின்னால் வர, விசாரணைக்குக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜை மேல் வைத்தார்.

“பாருங்க சார். என் வூடு எங்க கீது பாருங்க. ஒரு செங்கல்லு நவுரல.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திருப்பிக் காட்டினார்.

“இதுல தெரு என்ன அகலம் சொல்லுங்க?”

“முப்பது அடிக்குக் குறையாது சார்.”

“இப்ப அளந்தா பதிமூணு அடி.” அதிகாரி பகலவனை நிமிர்ந்து பார்த்தார். “ஒன்றரை வருஷத்துல ரெண்டு பக்கமும் எட்டரை எட்டரை அடி முன்னால வந்துட்டீங்க. அதுக்கு போட்டோவும் எடுத்து, பிரேமும் போட்டு நீங்களே கொண்டாந்து குடுக்கறீங்க.”

பகலவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.   படம் பைலோடு சேர்ந்து உள்ளே போனது.

வெளியில் வந்ததும் சின்னப்பையன் சட்டையைப் பிடித்தார். “யோவ் பகலவா, இன்னாய்யா போட்டோ அது? எங்க எல்லாரு வூட்டயும் சேத்து வச்சிக் குடுத்துட்டியேய்யா!”

அந்த நேரத்தில் பகலவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: “எனுக்கு இன்னா தெரியும்? அந்தப் பையன்தான் எடுத்தான். இன்னா மந்திரம் வச்சி எடுத்தானோ.”

அன்று ஷிப்ட் முடிந்து வந்த மாசானத்தைத் தெரு முழுக்கச் சூழ்ந்துகொண்டது. கேமராவை உடைக்கிறேன் என்று ஒருவன் கல்லைத் தூக்கினான். மாசானம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலாக பகலவன் முகத்தைப் பார்த்தான். பகலவன் வாசப்படியைப் பார்த்தார்.

“ஆமா. படம் நான்தான் எடுத்தேன்” என்றான் மாசானம்.  அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டலத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினபோது, “அண்ணாச்சி, அந்தப் படத்தோட பிலிமு எங்கிட்ட இருக்கு, அதுல...” என்று ஆரம்பித்தான். பகலவன் ஹாரனை அமுக்கினார். அடுத்த வாரம் ஒருதரம். ஹாரன். அந்த மாசமே இன்னொருதரம். அன்று அமுக்கின அமுக்கில் முன்னால் போன மாட்டுவண்டிக்காரன் இறங்கி வந்து சண்டை பிடித்தான். மாசானம் அதோடு நிறுத்திக்கொண்டான். அவனே தனியாக விசாரணை ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் எதையும் வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். தெருவில் வேறு யாரும் அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. இது பகலவனுக்கு அப்போது தெரியாது. தெருக்காரர்கள் வக்கீல் வைத்துத் தடை வாங்கினார்கள். விவகாரம் அப்படியே தூங்கிப்போனது. சுவரில் கோடு மட்டும் தூங்கவில்லை. மீனம்மாள் இரண்டு பொங்கலுக்கு அதன் மேல் வெள்ளையடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கும்.

இரண்டாயிரத்து ஐந்தில் தடை உடைந்தது. திங்கட்கிழமை கடைசி விசாரணை என்று கதவில் காகிதம் ஒட்டினார்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பகலவன் வாசலில் முகம் சிரைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் மாசானம் தெரிந்தான். தோளில் அதே கறுப்புப் பை. இளைத்திருந்தான்.

“எங்க வந்த?” பகலவன் திரும்பவில்லை.

“நாளைக்கு விசாரணைன்னு பஸ்சுல பேசிக்கிட்டாவ. இத ஒருக்கா பாருங்க அண்ணாச்சி.” ஒரு பழுப்புக் கவரை நீட்டினான்.

“உன் போட்டோவப் பாத்ததெல்லாம் போதும். போ.”

உள்ளேயிருந்து வந்த மீனம்மாள் அந்தக் கவரை வாங்கிக்கொண்டாள். பிரித்தாள். அதே படம்தான், பிலிமிலிருந்து புதிதாகப் போட்டது. ஓரம் நறுக்காத முழுப் படம். அவள் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“யோவ், இங்க வாய்யா. இது உன் வேட்டி.”

“எது?”

“மேல தொங்குதே. கியர் ஆயில் கறை கீது பாரு, ஆமை மாதிரி. நான் தொவச்சித் தொவச்சிப் போகாத கறை.”

பகலவன் பாதி சிரைத்த முகத்தோடு எழுந்து வந்தார். தெருவின் குறுக்கே, தன் வீட்டுச் சுவர் ஆணியிலிருந்து சின்னப்பையன் வீட்டு ஜன்னல் கம்பி வரைக்கும் கட்டின கொடியில், நீளவாக்கில் ஒரு வேட்டி. இந்த முனை இந்தச் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது; அந்த முனை அந்தச் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது.

“எட்டு முழ வேட்டி” என்றாள் மீனம்மாள்.  “எட்டு முழம்னா பன்னெண்டு அடி. குறுக்க கட்டினா ரெண்டு பக்கமும் அரை சாண்தான் மிச்சம். தெனம் கட்டறவ நானு. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா யாராச்சும்? அன்னிக்கு ஆபீசுக்கு ஆம்பளைங்களா மொத்தமா போனீங்களே!”

பகலவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷம். முப்பது அடித் தெருவில் பன்னிரண்டு அடி வேட்டி இரண்டு சுவரையும் ஒட்டி நிற்குமா? சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அந்த வேட்டி இருந்த மூன்று அங்குலத்தைத்தான் காசு கொடுத்து நறுக்கச் சொன்னார். கோபாலின் கத்திரி போன சத்தம் இப்போது காதில் கேட்டது.

“இதத்தான் அன்னிக்கு பஸ்சுல...” என்று ஆரம்பித்தார்.

“ஆமா அண்ணாச்சி.”

“சொல்லி இருக்கலாமேடா.”

“சொன்னேன். ஹாரன் சத்தத்துல கேக்கல போல.”

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அதுதான் பகலவனை இன்னும் அடித்தது. முகத்தில் சோப்பு நுரை காய்ந்து இறுகுவது கூட அவருக்கு உறைக்கவில்லை.

மாசானம் பையைத் திறந்தான். “அந்த வேட்டி இருக்கா அக்கா? அதே எடத்துல, அதே லென்சுல இன்னொரு படம் எடுக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, எதும் நகரலன்னு தெரிஞ்சிரும்.”

வேட்டி வடாம் காயப்போடுகிற துணியாக மாறிப் பரண் மேல் கிடந்தது. ஓரம் கிழிந்திருந்தது, ஆமை அப்படியே இருந்தது. மீனம்மாள் கொடியைக் கட்டினாள். மறுமுனையை யார் கட்டுவது? சின்னப்பையன் நாலு வருஷமாக பகலவனிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து முனையை வாங்கி இழுத்துக் கட்டியது. “இன்னாய்யா வேட்டி இது, ஒரே கப்பு” என்று ஒரு குரலும் வந்தது. மாசானம் அதே வாளியைக் கேட்டான். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தது. மூச்சைப் பிடித்தான். ஒரே படம். எடுத்த கையோடு சென்னைக்கு ஓடி, தெரிந்த லேபில் உட்கார்ந்து கழுவி, மறுநாள் காலை ஈரம் உலராத குறையாகக் கொண்டு வந்து நின்றான்.

விசாரணை அதிகாரியாக இப்போது இருந்தது ஒரு அம்மா. மீனம்மாள் வேட்டியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். அந்த அம்மா பைலிலிருந்து பிரேம் படத்தை எடுத்தார். மாசானம் கொடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தார். டேப்பை வரவழைத்து வேட்டியை அளந்தார். பன்னிரண்டு அடி, இரண்டு அங்குலம். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று செய்தார். “அந்தக் கேமராவைக் குடுப்பா” என்று வாங்கிக் கண்ணில் வைத்து, தன் அறையையே பார்த்தார். கேமராவை இறக்கிவிட்டு அறையைப் பார்த்தார். மறுபடி கேமராவில் பார்த்தார்.

“என் ரூம் கல்யாண மண்டபம் மாதிரி தெரியுது” என்றார். யாரும் சிரிக்கவில்லை. “இத நம்பியா பதினாலு வீட்டை இடிக்க இருந்தோம்?”

பிறகு பிரேம் படத்தைத் தட்டினார். “இதுல மட்டும் வேட்டி இல்லையே. மேல வெட்டுனது யாரு?”

பகலவன் கைகட்டி நின்றிருந்தார். கோபால் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “நான்தாம்மா வெட்டச் சொன்னேன்” என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், வண்டி நிற்கவில்லை. “இந்த மாதிரி அகலமா எடுன்னதும் நான்தான். பொண்ணுக்கு வரன் வந்துச்சு, கார் பூருமான்னு கேட்டாங்க. தம்பி அப்பவே வேணாம்னான். நான்தான் எடுன்னு சொன்னேன்.”

சின்னப்பையன் பகலவனைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார்.  அன்று கல்லைத் தூக்கினவன் அவர் மகன்தான். “அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

அம்மா நேரில் வந்து தெருவைப் பார்த்தார். இரண்டு மாசத்தில் உத்தரவு வந்தது. தெரு எப்போதும் பதிமூன்று அடிதான். குறுக்கு வழி வேறு பக்கமாகப் போகும். பதினாலு வீடும் தப்பியது. பகலவன் கூடத்துச் சுவரைக் கொத்திப் பூசிவிடலாம் என்றாள் மீனம்மாள். பகலவன் விடவில்லை. இப்போதும் வருகிறவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டுகிறார். கதை மட்டும் மாறிவிட்டது. முன்னால் தாண்டிப்போன இடத்தில்தான் இப்போது வண்டியை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்.

அந்த ஆவணியிலேயே மாசானத்தின் கான்ட்ராக்ட் முடிந்தது. பூனாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கிருந்து இரண்டு கடிதம் போட்டான். பேட் என்று சொல்கிற பழைய தெருக்கள் அங்கே நிறைய இருக்கின்றன, ஞாயிறு போதவில்லை என்று எழுதியிருந்தான். மார்கழியில் மூன்றாவது கடிதம் வந்தது. விலாசத்தில் கையெழுத்து வேறாக இருந்தது. பகலவன் பஸ்ஸை ஓரங்கட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். அவன் தம்பி எழுதியிருந்தான். மஞ்சள்காமாலை. பதினோரு நாள். வயசு இருபத்தெட்டு. பகலவன் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். சரளமாகப் படிக்க வராததால் தப்பாகப் படிக்கிறோமோ என்று, முன் சீட்டில் இருந்த பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவனும் அதையேதான் படித்தான்.

மாசானத்தைக் கடைசியாகப் பார்த்தது அவன் கிளம்பின அன்றுதான். ஆள் இல்லாத கம்பெனி பஸ்ஸில், சூப்பர்வைசருக்குத் தெரியாமல், பெட்டியோடு ஏற்றிக்கொண்டு ஹைவே வரைக்கும் கொண்டுவிட்டார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தையைத் தேடினார். அது வாயில் வரவில்லை. தொண்டையைக் கனைத்துவிட்டு இப்படிக் கேட்டார்:

“டேய் தம்பி, அந்த வேட்டி போட்டோ ஒண்ணு பெருசா குடு. கூடத்துல, பழைய எடத்துல மாட்டணும்.”

மாசானம் அதை முன்னமே போட்டு வைத்திருந்தான். சுருட்டின படத்தைப் பையிலிருந்து எடுத்து சீட்டின் மேல் வைத்தான். இறங்கினான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி படியில் ஒரு காலை ஏற்றித் தலையை உள்ளே நீட்டினான்.

“ஒண்ணே ஒண்ணு செய்யணும் அண்ணாச்சி. கோபால் கத்திரிய எடுத்தார்னா, கையப் புடிச்சுக்கிடுங்க.”